இந்தியாவை வெளியே நிற்க வைத்தோம்

அந்த ஒலிம்பிக் நடந்த நாட்களில் என் வகுப்பில் ஜெர்மனிக்குக் காய்ச்சல், பிரேசில் வீட்டுப்பாடம் எழுதவில்லை, கென்யாவின் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்தியிருந்தேன். ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவு, முப்பத்தெட்டுப் பேர், ஆளுக்கொரு நாடு. காலையில் பதிவேட்டைத் திறந்து “ஆஸ்திரேலியா” என்பேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு “பிரசென்ட் சார்” என்று ஆஸ்திரேலியா எழுந்து நிற்கும்.

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியர். ஆசிரியர்களுக்கான ஒரு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனபோது, உலக விளையாட்டுப் போட்டிகளை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்று ஒரு யோசனை கொடுத்தார்கள், ஒரு மெதுவடையும் கொடுத்தார்கள். வடையை அங்கேயே முடித்துவிட்டு யோசனையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தேன். மாற்றிச் செய்திருக்கலாம்.

விளையாட்டைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஆவடிப் பக்கம் சேக்காட்டில் குடியிருக்கிறேன், தினமும் காலையில் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறேன். நான் படியிறங்கும்போது ரயில் நிற்கும். நான் பிளாட்பாரத்தைத் தொடும்போது கிளம்பும். கடைசிப் பெட்டியில் நிற்கும் கார்டு என்னைப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டுவார். பல வருடங்களாக இந்த ஒரே போட்டியில்தான் கலந்துகொள்கிறேன், பல வருடங்களாக வெள்ளிப் பதக்கம்.

திட்டம் இதுதான். நாடுகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி என் டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கினேன். யாருக்கு எந்த நாடோ அந்த நாட்டின் தலைநகரம், கொடி, மக்கள்தொகை, அங்கே இப்போது மணி என்ன, எல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும். பின்சுவரில் பெரிய சார்ட் ஒட்டிப் பதக்கப் பட்டியல் வரைந்தோம். தங்கத்துக்கு மஞ்சள் ஸ்டிக்கர் பொட்டு, வெள்ளிக்கு வெள்ளைப் பொட்டு, வெண்கலத்துக்கு மெரூன். பொட்டு வாங்கப் போன ஃபேன்சி ஸ்டோரில், “வீட்ல எத்தினி பொம்பளைங்க சார்?” என்று கேட்டார்கள். “முப்பத்தெட்டு நாடு” என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கார அம்மா என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

குலுக்கலின்போது முப்பத்தெட்டுப் பேருக்கும் இந்தியாதான் வேண்டும். அமெரிக்காவை எடுத்தவன், அதாவது பட்டியலில் முதலிடத்துக்கு அடிபோடப்போகிறவன், “சார், மாத்திக்கலாமா?” என்று கெஞ்சினான். ஒரு குட்டித் தீவை எடுத்தவன் அழவே ஆரம்பித்துவிட்டான். அவனைத் தேற்ற, “அழாதடா, உங்க நாட்டு மொத்த ஜனமும் ஒரு ஷேர் ஆட்டோல வந்துடும், செலவு கம்மி” என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். வகுப்பைச் சிரிக்க வைத்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது என்பது என் கொள்கை. மீதிப் பாதியை நான் நடத்தியதில்லை என்பது என் தலைமையாசிரியையின் கருத்து.

இந்தியா சீட்டு ஒரு பெண்ணுக்கு வந்தது. கள்ளிக்குப்பத்திலிருந்து வருகிறவள். ஒல்லியாக, மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னலோடு இருப்பாள். ரிப்பனில் ஒன்று எப்போதும் அவிழ்ந்திருக்கும், காரணம் அவள் எங்கும் நடந்து போவதில்லை. தண்ணீர் குடிக்கப் போனாலும் ஓட்டம்தான். பள்ளியிலேயே வேகமான கால்கள் அவளுடையவை. எங்கள் பி.டி. மிஸ் அவளைத் தொடர் ஓட்ட அணியில் கடைசி ஓட்டக்காரியாக வைத்திருந்தார். நாலு பெண்கள், ஆளுக்கு நூறு மீட்டர், கையிலிருந்து கைக்கு மாறும் அந்தக் குழாய்க்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கட்டை. ஒலிம்பிக் முடிந்த கையோடு மண்டலப் போட்டி வரவிருந்தது.

“மண்டலத்துல ஜெயிச்சா மாவட்டம். மாவட்டத்துல ஒரு சர்டிஃபிகேட் வாங்கிட்டான்னா, ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷனுக்கு அவள நானே கூட்டிட்டுப் போவேன்” என்று பி.டி. மிஸ் ஸ்டாஃப் ரூமில் சொல்லியிருந்தார். “சாப்பாடு, தங்கறது, படிப்பு, கோச்சிங், எல்லாம் அங்கயே. அந்தப் பொண்ணு வீட்டை விட்டு வந்தாத்தான் சார் உருப்படும்.”

வீட்டில் என்ன பிரச்சினை என்று நான் கேட்கவில்லை. என் வாயில் அப்போது போண்டா இருந்தது.

இந்தியா கிடைத்த அன்று அவள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். முதன்முறையாக ஓடாமல் நடந்தாள். முதல் சில நாட்களில் ஒரு வெண்கலமும் வந்தது. மெரூன் பொட்டை ஒட்ட அவள் ஸ்டூல் மேல் ஏறியபோது வகுப்பே மேசையைத் தட்டியது. “இந்தியா, இந்தியா” என்று கத்தினார்கள். நாட்டையா அவளையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பாடம் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டோக்கியோவில் மணி என்ன என்று கேட்டால் கடைசி பெஞ்ச் பதில் சொல்லியது. ஒரு கோடிப் பேருக்கு எத்தனை பதக்கம் என்று வகுத்துப் பார்த்தார்கள். கணக்கு ஆசிரியர் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நான் தினமும் காலையில் முந்தைய நாள் ஆட்டங்களுக்கு வர்ணனை செய்தேன். தோற்ற நாட்டுக்கு என்னிடமிருந்து ஒரு கமெண்ட் உண்டு. என்னிடம் கமெண்ட் வாங்காதவர்களுக்கு வகுப்பில் மரியாதை இல்லை என்கிற அளவுக்கு அது வளர்ந்திருந்தது. அதில் எனக்குப் பெருமைதான்.

பிறகு நாம் நாலாவது வர ஆரம்பித்தோம். ஒரு நாள் நாலாவது. அடுத்த நாள் இன்னொன்றில் நாலாவது. அதற்கடுத்த நாள் காலிறுதியோடு வீடு. சார்ட்டில் இந்தியாவின் கட்டம் அந்த ஒற்றைப் பொட்டோடு நின்றுவிட்டது. பக்கத்துக் கட்டங்களில் மஞ்சள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. மேசை தட்டியவர்கள் அவளை வேறு மாதிரி பார்த்தார்கள். ஏதோ அவள்தான் ஓடாமல் போனதுபோல.

அன்று காலை அவள் முகம் சின்னதாகியிருந்தது. சிரிக்க வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

“இந்தியா, நேத்து மேட்ச் பாத்தியாம்மா?”

“பாத்தேன் சார். கடசி வரிக்கும் பாத்தேன்.”

“முந்தாநாள்?”

“அதுவும் பாத்தேன் சார்.”

“அப்போ காரணம் தெரிஞ்சிடுச்சு. நாடே சாமி கும்பிடுது, நீ ஒருத்தி உக்காந்து பாத்து எல்லாத்தையும் கவுத்துடற. என்ன ராசிம்மா உனக்கு. இன்னைக்கு டிவி இருக்கற திசையில தலைவச்சுப் படுக்காதே தாயே.”

சிரிப்பில் கூரை பறந்தது. அவளும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். கை எடுக்க மட்டும் கொஞ்சம் நேரம் ஆயிற்று. எனக்கு அது நாணமாகத் தெரிந்தது.

இதில் புதிதாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கிரிக்கெட் பார்க்கிற எந்த வீட்டிலும் இந்தச் சட்டம் உண்டு. யார் எழுந்தபோது சிக்சர் போனதோ அவர் உட்காரக் கூடாது, யார் உள்ளே வந்தபோது விக்கெட் விழுந்ததோ அவர் வெளியே போக வேண்டும். என் மாமனாரை ஒரு முறை நாலு ஓவர் பால்கனியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஜெயித்தோம். அவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு மேட்சுக்கும் தானாகவே பால்கனிக்குப் போய்விடுவார், பெருமையாக. பெரிய மனிதருக்கு அது விளையாட்டு. ஒரு பெண் குழந்தையை ராசியில்லாதவள் என்பது நம் ஊரில் வேறு சமாச்சாரம். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அவள் டிவி பார்க்கவில்லை. அன்று மாலை நாம் ஜெயித்தோம்.

மறுநாள் நான் வகுப்புக்குள் நுழையும் முன்பே வராந்தாவில் கென்யா ஓடிவந்தான்.

“சார், சார், அவ பாக்கலயாம் சார். ஜெயிச்சிட்டோம் சார். நீங்க சொன்ன மாறியே கீது சார்.”

“பாத்தியா, உங்க சார் யாரு” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இதை ஒழுங்காக ஆராய்ந்தது ஜப்பான். பெற்றோர் இருவரும் ஐ.டி. வேலை, கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள். ஜப்பான் எதையும் எழுதி வைக்கிற பெண். தன் நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டாள். ‘இந்தியா பார்த்த நாள்’, ‘இந்தியா பார்க்காத நாள்’. எதில் வெற்றி, எதில் தோல்வி என்று தேதிவாரியாக எழுதினாள். தினமும் மாலை தன் அம்மாவின் போனிலிருந்து இந்தியா வீட்டுக்குப் போன் போட்டு, “பாக்கறியா? சத்தியமா பாக்கலதான?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டாளாம்.

நோட்டுத் திருத்தும்போது அது என் கண்ணில் பட்டது. அட்டவணை கோணலில்லாமல் இருந்தது. ‘தரவு சேகரிப்பு, மிக நன்று’ என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம் நம் ஆட்டம் ஒன்று நேரலையில் வந்தது. ஸ்மார்ட் கிளாஸ் அறையில் பெரிய திரையில் போட்டுக் காட்ட அனுமதி வாங்கியிருந்தேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“சார், இந்தியா உள்ள கீது” என்றான் கென்யா, ஏதோ கரப்பான் பூச்சி இருப்பதைச் சொல்வதுபோல.

நான் வாய் திறப்பதற்குள் அவளே எழுந்துவிட்டாள். “நான் வெளில நிக்கறேன் சார்.”

“சரிம்மா. அஞ்சு நிமிஷம் காத்து வாங்கிட்டு வா” என்றேன். இதற்கும் சிரித்தார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆட்டம் இழுபறி, மறந்துபோனேன். இன்னும் நேர்மையாகச் சொன்னால், நடுவில் ஒரு முறை நினைவு வந்தது. அப்போது நாம் முன்னிலையில் இருந்தோம். கூப்பிடவில்லை.

வராந்தாவில் போன எச்.எம். மேடம் அவளைப் பார்த்து, “ஏன் வெளியே நிக்கறே? என்ன தப்பு பண்ணினே?” என்று கேட்டிருக்கிறார். “நான் இந்தியா மேடம்” என்றிருக்கிறாள். மேடத்துக்கு அப்படி ஒரு சிரிப்பு. உள்ளே வந்து, “எவ்வளவு இன்வால்வ்மென்ட், பாருங்க சார். ஏ.டி. விசிட்டுக்கு இந்த கிளாஸைத்தான் காட்டணும்” என்றார். அடுத்த மாதம் கல்வித் துறையிலிருந்து உதவி இயக்குநர் பார்வையிட வருவதாக இருந்தது. ‘விளையாட்டு வழிக் கற்றல்’ என்று கோப்பு தயார் செய்யச் சொன்னார். கோப்பு என்றதும் எனக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது. இனிப் பெருக்க இடமில்லாத உடம்பு அது.

ஆட்டத்தில் ஜெயித்தோம். அவள் உள்ளே வந்து, “ஜெயிச்சுட்டமா சார்?” என்று கேட்டாள். ஜெயித்ததில் அவளுக்கு உண்மையான சந்தோஷம். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. தானும் ஏதோ செய்திருப்பதாக.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அவள் அம்மா வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு வந்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் நுனியில்தான் உட்கார்ந்தார். நான் மார்க் ஷீட்டை நீட்டினேன். அதை வாங்காமல் மடியில் கை வைத்துக்கொண்டே கேட்டார்.

“சார், இஸ்கூல்ல அவள ராசி கெட்டவன்னு சொல்றாங்களாமே?”

நான் மார்க் ஷீட்டைத் திரும்ப என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

“ஊட்லதான் சார் அவங்க அத்தகாரி அத்தச் சொல்லிக்கினே இருப்பாங்க. இவ பொறந்த வாரம்தான் இவங்கப்பா வேலபாத்த கம்பெனிய மூடிட்டாங்க. அப்பலருந்து இன்னா நடந்தாலும் இவ மேலதான். பால் திரிஞ்சாக்கூட இவதான். ஒரு நல்லது கெட்டதுக்கு முன்னால வுட மாட்டாங்க. நான் இன்னா சொல்லுவேன்னா, நீ இஸ்கூலுக்குப் போ கண்ணு, அங்க சாருங்கல்லாம் படிச்சவங்க, அங்க இதெல்லாம் கெடயாதும்பேன். இப்ப ஊட்டுக்கு வந்து, ‘இஸ்கூல்லயும் கண்டுபுடிச்சிட்டாங்கம்மா’ன்றா சார்.”

‘சொல்றாங்க’ என்று சொல்லவில்லை. ‘கண்டுபிடிச்சிட்டாங்க.’

“யாரு சார் மொதல்ல சொன்னது?” என்றார் அந்த அம்மா. சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் கண்ணில் என்மேல் துளி சந்தேகம் இல்லை.

“பசங்கதாம்மா” என்றேன். “சின்னப் பசங்க. ஏதோ விளையாட்டுக்கு. நான் கண்டிக்கிறேன்.”

“ரொம்ப டாங்க்ஸ் சார்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் எவ்வளவோ பேரை நம்ப வைக்க முயன்று தோற்றவன். வீட்டு ஓனர், இன்சூரன்ஸ்காரர், என் மனைவி. அன்று ஒரே வாக்கியத்தில் ஜெயித்தேன்.

ஒலிம்பிக் முடிந்தது. சார்ட்டைக் கழற்றிக் கோப்புக்காகச் சுருட்டி வைத்தேன். நாட்டுப் பெயர்கள் மட்டும் போகவில்லை. பிள்ளைகள் அதிலேயே பழகிவிட்டார்கள், நானும்தான். ராசியும் போகவில்லை. வகுப்புத் தேர்வு அன்று அவள் பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. கேள்வித்தாளை அவள் கையிலிருந்து வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னார்கள். நான் ஒன்றிரண்டு முறை அதட்டினேன். அதட்டும்போதும் என் முகத்தில் சிரிப்பு இருப்பது என் பிறவிக் கோளாறு. அவர்கள் அதையும் கமெண்ட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

மண்டலப் போட்டிக்கு நாலு நாள் முன்பு பி.டி. மிஸ் விசிலோடு ஸ்டாஃப் ரூமுக்குள் வந்து என் மேசை முன்னால் நின்றார். தொடர் ஓட்ட அணியில் ஜப்பான் முதலில், பிரேசில் இரண்டாவது, நைஜீரியா மூன்றாவது, கடைசியில் இந்தியா. நாலும் என் வகுப்புப் பெண்கள்தான். முதல் மூன்று பேரும் போய், இந்தியாவோடு ஓட மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குப் பதில் ‘ஏ’ பிரிவிலிருந்து ஒரு பெண்ணைச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

“அந்தப் பொண்ணு இவளைவிட ஸ்லோ சார். சொன்னா, ‘பரவால்ல மிஸ், ராசி முக்கியம்’ங்கறாங்க. நோட்டைக் காட்டறாங்க சார். அதுல உங்க கையெழுத்து இருக்கு.”

“அது வந்து மேடம், அட்டவணை நல்லா போட்டிருந்தா...”

“நான் அதெல்லாம் கேக்கல. நீங்கதான ஆரம்பிச்சீங்க. நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லுங்க. ‘நான் சும்மா சொன்னேன், அது பொய்’னு. அவ்வளவுதான் வேணும். உங்க பேச்சைத்தான் சார் கேக்குதுங்க.”

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் போனேன். கரும்பலகை முன்னால் நின்று தொண்டையைச் செருமினேன். முப்பத்தெட்டு முகமும் சிரிக்கத் தயாராக நிமிர்ந்தன. அந்த முகங்களைப் பார்த்தால் எனக்குப் போதை. நேராகச் சொல்ல வேண்டிய ஒரு வரியைச் சுற்றுவழியில் கொண்டுபோனேன்.

“ராசி ராசின்றீங்களே, உண்மையான ராசி கெட்டவன் யார் தெரியுமா? நான்தான். நான் ஒரு வீட்டுக்குக் குடிபோனேன், போர்ல தண்ணி நின்னுடுச்சு. நான் குடை எடுத்துட்டுப் போனா மழை நின்னுடும். நான் போய்ப் பொண்ணு பாத்தேன், பாவம், அவங்க இன்னும் என்னோடதான் இருக்காங்க.”

நல்ல சிரிப்பு. அவளும் சிரித்தாள். சரி, பாரம் என் பக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஜப்பான் கை தூக்கினாள். “சார், அப்போ நீங்களும் கிரவுண்டுக்கு வராதீங்க சார். அவளும் வர வேணாம். ரெண்டு பேரும் வராட்டி நல்லது.”

கேலியே இல்லாமல், கணக்குப் போல, சொன்னாள். இதற்கு மேல் சிரிப்பில் தப்பிக்க வழியில்லை. அப்போது அந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம். கோப்பு நினைவுக்கு வந்தது. ‘பிள்ளைகளிடம் மூடநம்பிக்கை பரவியது, பரப்பியவர் ஆசிரியர்’ என்று யாராவது எழுதினால் அந்தக் கோப்பு என்ன ஆகும் என்பதும் நினைவுக்கு வந்தது. “சரி, பக்கம் நாப்பத்தி ரெண்டு எடுங்க” என்றேன்.

பி.டி. மிஸ் விட்டுக்கொடுக்கவில்லை. இருக்கிற அணிதான் போகும், ஓடாதவள் டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம் என்று கத்தினார். மூன்று பேரும் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே போட்டி அன்று காலை அவள் கடைசி ஓட்டக்காரியாகத்தான் பள்ளி வேனில் ஏறினாள். கண்காணிப்புக்கு என்று என்னையும் அனுப்பினார்கள். மூன்று பெண்களும் வேனின் முன்பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். இவள் கடைசி இருக்கையில் தனியாக. ‘ஏ’ பிரிவுப் பெண் மாற்று ஆளாக நடுவில். மைதானம் நெருங்கும்போது நைஜீரியா திரும்பி, பின்னால் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்.

“தோத்தா உன்னாலதான்டி. ஞாபகம் வெச்சிக்கோ.”

மைதானத்தில் இறங்கும்போது அவள் நொண்டினாள்.

“கால் பெசகிக்கிச்சு மிஸ். படில இறங்கறப்ப. ஓட முடியாது மிஸ்.”

பி.டி. மிஸ் மண்டியிட்டுக் காலைப் பிடித்துப் பார்த்தார். அழுத்துகிற இடமெல்லாம் வலிக்கிறது என்றாள். வீக்கம் இல்லை. போட்டிக்கு நேரமாகிவிட்டது, பதிவு மேசையில் பெயர் கேட்கிறார்கள். மிஸ் ‘ஏ’ பிரிவுப் பெண்ணின் பெயரை எழுதிக்கொடுத்தார்.

நான் பின்னால் நடந்து வந்தேன். வேனிலிருந்து பதிவு மேசை வரை அவள் வலது காலை நொண்டினாள். பதிவு மேசையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை இடது காலை. ஓட்டத்தில் எவ்வளவு கெட்டிக்காரியோ நடிப்பில் அவ்வளவு மோசம். இதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். கூப்பிட்டு, “எந்தக் கால்மா?” என்று கேட்டிருந்தால் போதும். பெயரை அடித்துத் திருத்த இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எனக்குத் தோன்றியது என்னவென்றால், பரவாயில்லை, இதிலேயே முடிந்துவிட்டது, யாருக்கும் சங்கடம் இல்லை.

அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். காதை ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. கேட்பதும் பார்ப்பதும் ஒன்றுதான் என்று அவளே சட்டத்தை இறுக்கியிருந்தாள்.

விசில் ஒலித்தது. சுண்ணாம்புக் கோட்டில் ஜப்பான் புறப்பட்டாள். கட்டை பிரேசிலுக்குப் போனது, நைஜீரியாவுக்குப் போனது, எங்கும் விழவில்லை. கடைசி நூறு மீட்டரில், நியாயமாகப் பார்த்தால், நாங்கள் தோற்றிருக்க வேண்டும். ‘ஏ’ பிரிவுப் பெண் மூன்றாவதாகத்தான் ஓடிக்கொண்டிருந்தாள். முன்னால் ஓடிய ஒரு பள்ளிப் பெண் கோடு மாறிக் குறுக்கே போய் இன்னொருத்தி மேல் மோதினாள். இருவரும் விழுந்தார்கள். எங்கள் பெண் தாண்டிப் போனாள். முதலிடம்.

ராசி என்று ஒன்று இருந்தால், அது இப்படித்தான் வேலை செய்யும்.

பதக்கம் கொடுத்து முடிந்த பிறகு தொட்டிக்குப் பின்னால் போனேன். தோளைத் தட்டினேன். காதிலிருந்து கையை எடுத்தாள்.

“முடிஞ்சிடுச்சா சார்?”

“ம். ஜெயிச்சிட்டாங்க.”

“ஃபர்ஸ்ட்டா சார்?”

“ஃபர்ஸ்ட்.”

“நான் ஒரு வாட்டிகூடத் திரும்பல சார்” என்றாள். முகம் பளிச்சென்று இருந்தது. பரீட்சையில் நூறு வாங்கியவள் முகம்.

அங்கிருந்து ஓடினாள். நொண்டுவதை மறந்து, தன் முழு வேகத்தில். அந்த மைதானத்தில் அன்று ஓடியவர்களில் அவளைப் போல ஒருத்தி ஓடவில்லை. கழுத்தில் பதக்கத்தோடு நின்ற நாலு பேரை நெருங்கப் பத்தடி இருக்கும்போது ஜப்பான் கையைக் காட்டினாள்.

“அங்கேயே நில்லு. கிட்ட வராத. இன்னும் மாவட்டம் இருக்கு.”

நின்றாள். நின்ற இடத்திலிருந்தே கை தட்டினாள். பி.டி. மிஸ் அவள் கால்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேனுக்குப் போய்விட்டார். படம் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. போனை நீட்டிப் பிடித்து, “நீயும் வந்து நில்லும்மா” என்றேன்.

“வேணாம் சார். மாவட்டம் முடியட்டும்.”

எடுத்தேன். கோப்பின் அட்டையில் அந்தப் படம்தான் இருக்கிறது. வந்த அதிகாரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், லாமினேட் செய்து.

மாவட்டப் போட்டியில் எங்கள் அணி கடைசியாக வந்தது. இரண்டாவது மாற்றத்திலேயே கட்டை கீழே விழுந்தது. அன்று அவள் பள்ளிக்கே வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

மறுநாள் முதல் மணிக்கு முன்பு அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். நானும் வேறு மூன்று ஆசிரியர்களும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

“இன்னாம்மா?” என்றேன், அவர்கள் பாஷையில். அது ஒரு பழக்கம், சிரிப்பார்கள் என்று.

“சார், தோத்தது ஏன்னு ஜப்பான் கண்டுபுடிச்சிட்டா சார். முந்தாநேத்து பிராக்டிஸ்ல கட்ட உருண்டு வந்து என் காலாண்ட வுய்ந்திச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்.” அழவில்லை. “தொட்டிருக்கக் கூடாது சார். தெரியாம எடுத்துட்டேன். அவங்ககிட்ட நீங்க சாரி சொல்றீங்களா சார்? நான் கிட்ட போனா திட்டுவாங்க.”

மூன்று ஆசிரியர்களும் கோப்பையை வாயருகே வைத்தபடி என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு இதன் தலையும் தெரியாது வாலும் தெரியாது. நான் இப்போது சொல்லப்போகிறதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

“சொல்றேன்” என்றேன். “நீ கிளாசுக்குப் போ.”